டிவி திரைக்கு அடியில் ஓடும் டிக்கர்: பங்குச்சந்தை விலையை லைவ் ஆக்கிய எடிசனின் கதை

நியூஸ் சேனல் பார்க்கும்போது திரையின் அடியில் ஒரு பட்டை ஓடிக்கிட்டே இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? சென்செக்ஸ் இத்தனை புள்ளி ஏற்றம், நிஃப்டி இத்தனை புள்ளி இறக்கம், தங்கம் இவ்வளவு என்று எண்கள் நகர்ந்து போகும். அந்தப் பட்டைக்கு டிக்கர் என்று பெயர்.

இந்தப் பெயர் ஒரு பழைய மெஷினின் சத்தத்திலிருந்து வந்தது. டிக், டிக் என்று தட்டிக்கொண்டே நீளமான காகித நாடாவில் பங்கு விலையை அச்சடித்த மெஷின் அது. 1867-ல் நியூயார்க்கில் எட்வர்ட் கலஹன் என்பவர் அதை உருவாக்கினார். ஆனா அந்த நாடாவில் வரும் எண்ணை நம்பிப் பணம் போடலாம் என்கிற நிலைக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு, அப்போது 22 வயதைத் தாண்டிய ஓர் இளைஞருக்கு உண்டு. அவர் பெயர் தாமஸ் ஆல்வா எடிசன்.

பல்பு, ஃபோனோகிராஃப், சினிமா கேமரா எல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடும். ஆனா எடிசன் முதன்முதலாகப் பெரிய காசு பார்த்தது பங்குச்சந்தையில்தான். பங்கு வாங்கி வித்து இல்லை. விலை சரியான நேரத்தில், சரியாகப் போய்ச் சேர வழி செய்துகொடுத்து.

இன்றைக்கு உலகம் முழுக்க பங்குச்சந்தைகளைக் கம்ப்யூட்டர்கள் நொடிக்கு நொடி கண்காணிக்கின்றன. ரியல் டைம் ஈவென்ட் பிராசஸிங் என்று அதைச் சொல்கிறார்கள். அதில் இன்றும் தலைவலியாக இருக்கும் சிக்கல்களை எடிசன் 150 வருஷத்துக்கு முன்னாடியே நேரில் பார்த்தார். எப்படி? பார்ப்போம்.

ரயிலில் பேப்பர் விற்ற பையன்

எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள மிலன் என்ற சின்ன ஊர். பிறகு குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரனுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு சில மாதங்கள்தான். மற்றதெல்லாம் அம்மா நான்சி வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தது. சின்ன வயசிலேயே காது கேட்கும் திறனும் குறைய ஆரம்பித்தது.

பன்னிரண்டு வயதில் போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடும் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்க ஆரம்பித்தார். பிறகு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1862 ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்தில் பயங்கரமான சண்டை. செய்தி டெட்ராய்ட்டுக்கு வந்ததும் பேப்பர் ஆபீஸ் வாசலில் கூட்டம் மொய்த்தது.

15 வயது எடிசன் அங்கே ஒரு காரியம் செய்தார். வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் சண்டை நடந்த செய்தியைத் தந்தி மூலம் முன்கூட்டியே அனுப்ப வைத்தார். ஸ்டேஷன் பலகையில் அதை எழுதிப் போட்டார்கள். வழக்கமாக ஒரு நாளுக்கு எடுப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக, கடன் சொல்லி ஆயிரம் பேப்பர் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார். போகிற ஸ்டேஷனில் எல்லாம் ஜனம் காத்துக்கிடந்தது. 5 சென்ட் பேப்பர் வழியில் 10 சென்ட் ஆனது. கடைசி ஸ்டேஷனில் 25 சென்ட்.

ஒரே பேப்பர், ஒரே செய்தி. முன்கூட்டித் தெரிந்தவனுக்கு லாபம். இந்தப் பாடத்தை எடிசன் கடைசி வரை மறக்கவில்லை.

வேகமா வருது, மெதுவா எழுதறோம்: முதல் சிக்கல்

அதே 1862-ல், தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தையை, ஓடிவந்த வேகனிடமிருந்து எடிசன் இழுத்துக் காப்பாற்றினார். நன்றிக் கடனாக அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குத் தந்தி அடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு சில வருஷம் ஊர் ஊராகச் சுற்றி, பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்டில், தந்தி ஆபரேட்டர் வேலை.

பத்திரிகைகளுக்கான செய்தித் தந்திகள் மிக வேகமாக வரும். புதிதாக வேலைக்கு வந்த ஆபரேட்டரால் அந்த வேகத்துக்குக் காதால் கேட்டு எழுத முடியாது. எடிசன் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். வரும் சிக்னலை ஒரு கருவி காகிதத்தில் புள்ளிகளாகக் குத்தி வைத்துக்கொள்ளும். இன்னொரு கருவி அதே காகிதத்தை மெதுவாக ஓட்டும். ஆபரேட்டர் நிதானமாகக் கேட்டு, அச்சு மாதிரி அழகாக எழுதிக் கொடுக்கலாம்.

சாதாரண நாளில் இது அருமையாக வேலை செய்தது. ஆனா செய்தி குவிந்த ராத்திரியில் என்ன ஆகும்? உள்ளே வருவது வேகம், வெளியே போவது மெதுவு. நடுவில் காகிதம் சேர்ந்துகொண்டே போனது. செய்தி தாமதமாக வருவதாகப் பத்திரிகைகள் புகார் சொல்ல, மேலதிகாரி அந்தக் கருவிக்குத் தடை போட்டுவிட்டார்.

இன்றைய கம்ப்யூட்டர் மொழியில் இதற்கு பஃபர் என்று பெயர். தாங்கி வைத்துக்கொள்ளும் தொட்டி மாதிரி. தொட்டி இருந்தால் தண்ணீர் சிந்தாது, சரி. ஆனா குழாயில் வரும் தண்ணீர் பழசாகிக்கொண்டே போகும். சந்தை கொந்தளிக்கும் நாளில் பங்கு ஆப் திணறுவதற்கும் அடிப்படைக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உடைந்த ஸ்பிரிங், 300 டாலர் வேலை

1868-ல் எடிசன் பாஸ்டன் போனார். சட்டசபையில் ஓட்டுகளை நொடியில் எண்ணும் மின்சாரக் கருவி ஒன்றைச் செய்து, 1869 ஜூன் 1-ல் தன் முதல் காப்புரிமையை வாங்கினார். வாங்கத்தான் ஆள் இல்லை. ஓட்டெடுப்பு வேகமாக முடியக் கூடாது என்பதுதான் அரசியல்வாதிகளின் விருப்பம்! இனி ஜனத்துக்குத் தேவைப்படும் பொருளை மட்டுமே செய்வது என்று அப்போது முடிவெடுத்தார்.

விலை நிலவரத்துக்குத் தேவை இருந்தது. பாஸ்டனிலேயே ஒரு டிக்கர் சேவை தொடங்கி, 30, 40 வாடிக்கையாளர்களைப் பிடித்திருந்தார். ஆனா கையில் காசு தங்கவில்லை. 1869-ல் கடனோடு நியூயார்க் வந்து இறங்கினார்.

அங்கே கோல்டு இண்டிகேட்டர் கம்பெனி என்று ஒன்று இருந்தது. தங்கச் சந்தையில் ஏறி இறங்கும் விலையைக் கம்பி வழியாகச் சுமார் 300 புரோக்கர் ஆபீஸ்களுக்குக் காட்டும் நிறுவனம். அதை நடத்தியவர் சாமுவேல் லாஸ். அங்கே வேலை செய்த ஃபிராங்க்ளின் போப் என்ற இன்ஜினியரின் தயவில், எடிசனுக்கு ராத்திரி பேட்டரி ரூமில் படுத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

மூன்றாவது நாள். மெயின் மெஷின் பெரிய சத்தத்தோடு நின்றுபோனது. அடுத்த இரண்டு நிமிஷத்தில் 300 புரோக்கர்களும் அனுப்பிய பையன்கள் வாசலில் குவிந்து, எங்க ஆபீஸ்ல விலை வரலை என்று ஒரே கூச்சல். போப்புக்குக் கை கால் ஓடவில்லை. லாஸ் கத்துகிறார். எடிசன் மெஷினுக்குள் குனிந்து பார்த்தார். ஒரு ஸ்பிரிங் உடைந்து இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்து கிடந்தது. அதை எடுத்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் மறுபடி ஒரே எண்ணுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் சரியானது. லாஸ் அவருக்கு மாசம் 300 டாலரில் வேலை கொடுத்தார். எடிசன் பிற்காலத்தில் தானே சொன்ன கதை இது.

கவனிங்க: தங்கம் எங்கேயும் போகவில்லை, சந்தையும் மூடவில்லை. விலை தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்கே அந்தக் கலவரம்.

கறுப்பு வெள்ளி: மெஷின் 150, சந்தை 165

அடுத்த சில மாதங்களில் இதைவிடப் பெரிய சம்பவம் நடந்தது.

உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு காகித டாலர் அச்சடித்திருந்தது. 100 தங்க டாலர் வாங்க எத்தனை காகித டாலர் தர வேண்டும் என்பதுதான் அன்றைய தங்க விலை. ஜே கோல்டு, ஜிம் ஃபிஸ்க் என்ற இரண்டு பெரும்புள்ளிகள் சந்தையில் உள்ள தங்கத்தையெல்லாம் வாங்கிக் குவித்து, விலையை ஏற்றிவிடத் திட்டம் போட்டார்கள். அரசு தன் கையிருப்புத் தங்கத்தை விற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்காக அதிபர் கிராண்டின் மைத்துனர் உறவுக்காரர் ஒருவரையே கைக்குள் போட்டிருந்தார்கள்.

1869 செப்டம்பர் 24, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே விலை எகிறியது. கோல்டு தரப்பு ஆட்கள் 165 வரை கொடுத்து வாங்கக் குரல் கொடுத்தபோது, எடிசன் பார்த்துக்கொண்டிருந்த இண்டிகேட்டர் வெறும் 150 காட்டிக்கொண்டிருந்தது!

ஏன்? மெஷின் கெட்டுப்போகவில்லை. அதன் அமைப்பு அப்படி. ஆட்டோ மீட்டர் மாதிரி, சின்னச் சக்கரம் முழுச் சுற்று வந்தால்தான் அடுத்த சக்கரம் ஒரு எண் நகரும். விலை மெதுவாக நகரும் என்று நினைத்துச் செய்த மெஷின் அது. விலை தாவியபோது அதனால் ஓடிப் பிடிக்க முடியவில்லை. அனுப்பும் கருவிமேல் ஒரு பேப்பர் வெயிட்டை வைத்து அழுத்தி வேகம் கூட்டினார்கள். பகல் ஒரு மணி வாக்கில்தான் சரியான விலைக்கு வந்து சேர்ந்தது.

அதற்குள் கதையே மாறிவிட்டது. நண்பகலில் அரசு 40 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை விற்கப்போவதாக அறிவிக்க, சில நிமிஷங்களிலேயே விலை 130-களுக்குச் சரிந்தது. பல புரோக்கர்கள் திவாலானார்கள். தெருவெல்லாம் வெறி பிடித்த மாதிரி கூட்டம். எடிசன் ஒரு தந்திக் கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தந்தி எழுத வந்த ஒருவருக்குப் பென்சில் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. தந்தி ஆபரேட்டர் ஒருவர் எடிசனிடம் வந்து கை குலுக்கி, நம்ம ரெண்டு பேரும் தப்பிச்சோம், நம்மகிட்டதான் பைசாவே இல்லையே என்ற ரீதியில் சொன்னாராம். ஏழையாக இருந்ததில் அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம் என்று எடிசன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

யோசித்துப் பாருங்க. மெஷின் நின்றுபோயிருந்தால் எல்லாரும் உஷாராகியிருப்பார்கள். ஸ்பிரிங் உடைந்த அன்று அப்படித்தானே 300 பையன்களும் ஓடிவந்தார்கள்? ஓடிக்கொண்டே பழைய விலையைக் காட்டும் மெஷின் அதைவிட ஆபத்து. அந்த 150-ஐ நிஜம் என்று நம்பியவர் என்ன முடிவெடுத்திருப்பார்?

டிக்கரை அடக்கிய ஸ்குரூ

கறுப்பு வெள்ளிக்கு அடுத்த மாதம் போப்போடு சேர்ந்து எடிசன் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பிறகு கோல்டு அண்ட் ஸ்டாக் டெலிகிராஃப் கம்பெனிக்காக டிக்கரைச் செப்பனிடும் வேலையில் இறங்கினார்.

அன்றைய டிக்கரில் ஒரு பெரிய நோய் இருந்தது. எழுத்தும் எண்ணும் பொறித்த சக்கரம் ஒவ்வொரு புரோக்கர் ஆபீஸிலும் சுழலும். அனுப்பும் இடத்தில் உள்ள சக்கரமும் இவையும் ஒரே கதியில், ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஆபீஸில் சக்கரம் ஒரு பல் வழுக்கினாலும் போச்சு. அந்த நொடியிலிருந்து அங்கே அச்சாவது எல்லாம் தப்பு விலை. கம்பெனி ஆள் நேரில் போய்த் திருத்தும் வரை அதே கதைதான்.

எடிசன் இதற்கு ஒரு ஸ்குரூ அமைப்பைச் செய்தார். மையத்தில் இருப்பவர் நினைத்த நேரத்தில், நகரம் முழுக்க உள்ள எல்லா டிக்கர் சக்கரங்களும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். அங்கிருந்து எல்லாம் சேர்ந்தே மறுபடி கிளம்பும். வழுக்கிய சக்கரமும் இதில் தானாகச் சரியாகிவிடும். யாரும் தெருத்தெருவாக ஓட வேண்டாம்.

கம்பெனித் தலைவர் மார்ஷல் லெஃபர்ட்ஸ் என்ன விலை வேண்டும் என்று கேட்டார். 5,000 டாலர் கேட்கலாமா, 3,000-க்கே ஒத்துக்கொள்ளலாமா என்று எடிசன் மனசுக்குள் தடுமாறி, நீங்களே சொல்லுங்க என்று விட்டுவிட்டார். லெஃபர்ட்ஸ் சொன்னது 40,000 டாலர். செக்கின் பின்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்றுகூட எடிசனுக்குத் தெரியவில்லை. பேங்கில் கேலியாக எல்லாவற்றையும் சின்னச் சின்ன நோட்டாகக் கொடுக்க, கட்டுக்கட்டான பணத்தோடு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தாராம். இதுவும் அவரே சொன்ன கதைதான்.

வந்த காசை நியூவார்க்கில் பட்டறைகளில் போட்டார். 1871-ல் அவரது யுனிவர்சல் ஸ்டாக் பிரிண்டர் வந்தது. அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, தன் செய்தித் தந்தி நிறுவனத்தில் வேலை பார்த்த மேரி ஸ்டில்வெல்லை மணந்தார். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் செல்லப் பெயர் டாட், டேஷ். அதாவது தந்தி மொழியின் புள்ளியும் கோடும்!

வால் ஸ்ட்ரீட் அவரை விடவில்லை

1874-ல் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் நான்கு தந்திகள் அனுப்பும் முறையை எடிசன் உருவாக்கினார். அதன் உரிமையை 30,000 டாலர் கொடுத்து வாங்கியவர் யார் தெரியுமா? கறுப்பு வெள்ளியை உண்டாக்கிய அதே ஜே கோல்டு. வேகமான கம்பி யார் கையில் இருக்கிறதோ, சந்தையும் அவர் பக்கம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அந்த உரிமைக்காக வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது.

அதன் பிறகுதான் உலகம் அறிந்த எடிசன். 1876-ல் மென்லோ பார்க் ஆய்வகம், 1877-ல் ஃபோனோகிராஃப், 1879-ல் பல்பு. 1882 செப்டம்பர் 4-ல் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது, எடிசன் விளக்கு ஏற்றியது வால் ஸ்ட்ரீட்டில் இருந்த ஜே.பி. மார்கனின் அலுவலகத்தில். 1892-ல் அவரது நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனது. 1896-ல் டவ் ஜோன்ஸ் குறியீடு 12 பங்குகளோடு தொடங்கியபோது அந்தப் பன்னிரண்டில் அதுவும் ஒன்று.

82 வயதில் பார்த்த சரிவு

1929 அக்டோபர் 21. பல்புக்கு 50 வயது. ஹென்றி ஃபோர்டு ஏற்பாட்டில் டியர்பார்னில் பெரிய விழா. அதிபர் ஹூவரும் வந்திருந்தார். 82 வயது எடிசன் பழைய பல்பு சோதனையை மறுபடி செய்துகாட்டினார்.

மூன்றே நாள் கழித்து, அக்டோபர் 24 வியாழக்கிழமை, நியூயார்க் பங்குச்சந்தை இடிந்து விழுந்தது. அன்று கைமாறியவை சுமார் 1 கோடியே 29 லட்சம் பங்குகள். டிக்கரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சந்தை மூடி நான்கு மணி நேரத்துக்கு மேல், இரவு ஏழு மணி தாண்டியும் நாடா ஓடிக்கொண்டே இருந்தது. தங்கள் பங்கின் விலை என்ன என்றே தெரியாமல், கிடைத்த விலைக்கு விற்றுத் தள்ளினார்கள் ஜனங்கள். தாமதம் பயத்தைக் கூட்டியது, பயம் விற்பனையைக் கூட்டியது, விற்பனை மறுபடி தாமதத்தைக் கூட்டியது. 60 வருஷத்துக்கு முன் இண்டிகேட்டரில் பார்த்த அதே சிக்கல், இந்த முறை நாடு முழுக்க.

அடுத்த வருஷமே நிமிஷத்துக்கு 500 எழுத்துகள் அச்சடிக்கும் வேகமான டிக்கர் வந்தது. எடிசன் 1931 அக்டோபர் 18-ல் நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் காலமானார்.

சரி, இன்றைக்கு என்ன நடக்குது?

இன்று காகித நாடா இல்லை. ஆர்டர் வருவது, மாறுவது, ரத்தாவது, வியாபாரம் முடிவது என ஒவ்வொன்றும் ஒரு ஈவென்ட். பழைய கம்ப்யூட்டர் முறையில் எல்லாவற்றையும் முதலில் சேமித்து வைத்து, பிறகு கேள்வி கேட்பார்கள். ரியல் டைம் முறையில் இது தலைகீழ். கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள், தகவல் அதைக் கடந்து ஓடும். ஒருவரே பெரிய ஆர்டர்களைப் போட்டுச் சில நொடிகளில் ரத்து செய்துகொண்டே இருக்கிறாரா என்பது அப்படி ஒரு கேள்வி. விலையை ஏமாற்றி நகர்த்தும் ஸ்பூஃபிங் என்ற தில்லுமுல்லை இப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்கள். எந்த ஈவென்ட் முதலில் நடந்தது என்று தெரிய எல்லாக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். எடிசன் சக்கரங்களை ஒரே புள்ளியில் நிறுத்தியதும் இதே தேவைக்குத்தான்.

இவ்வளவு இருந்தும் தடுமாற்றம் வராமல் இல்லை. 2010 மே 6 பிற்பகல் அமெரிக்கச் சந்தையில் சில நிமிஷங்களில் டவ் ஜோன்ஸ் சுமார் 1,000 புள்ளிகள் வரை விழுந்து, அதே வேகத்தில் பெரும்பாலும் மீண்டது. ஃபிளாஷ் கிராஷ் என்று இதைச் சொல்கிறார்கள். அன்றும் சில பங்குகளின் விலைத் தகவல் தாமதமாகவே வந்தது. சிகாகோ சந்தையில் ஒரு தானியங்கி ஏற்பாடு, முக்கிய ஃபியூச்சர்ஸ் வியாபாரத்தை வெறும் ஐந்து நொடி நிறுத்தி வைத்தது. அதன் பிறகுதான் விலை நிலைகொண்டு மீளத் தொடங்கியது. என்ன நடந்தது என்று அதிகாரிகள் முழு அறிக்கை தர செப்டம்பர் 30 வரை ஆனது. அதன் பிறகே கண்காணிப்புக் கருவிகளை வேகப்படுத்தினார்கள்.

இந்தியாவிலும் குறியீடு 10, 15, 20 சதவீதம் என்று நகர்ந்தால் வியாபாரத்தை நிறுத்தும் விதி இருக்கிறது. 2020 மார்ச் 13, மார்ச் 23 ஆகிய இரண்டு நாளும் 45 நிமிஷம் சந்தை நிறுத்தி வைக்கப்பட்டது நினைவிருக்கும்.

எல்லாரும் ஒரே புள்ளியில் நின்று, ஒரே விலையைப் பார்த்து, மறுபடி கிளம்பட்டும் என்பதற்காகத்தான் இந்த நிறுத்தம். எடிசனுக்கு 40,000 டாலர் வாங்கிக்கொடுத்த அதே யோசனை.

அடுத்த முறை போனில் பங்கு விலை பார்க்கும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் நேரத்தையும் ஒரு தடவை பாருங்க. முக்கியமாக, சந்தை கொந்தளிக்கும் நாளில். திரையில் இருப்பது 150-ஆகவும், சந்தையில் நடப்பது 165-ஆகவும் இருக்கலாம்.